பொந்துச் சுவரில் ஆணி எங்கே அடிப்பது?

பல்லடம் கொத்தனார்: சோமனூர்ப் பக்கத் தறிக் குடும்பங்களுக்காக மாணவர்கள் வரைந்த 360 சதுர அடி வீட்டைப் பற்றி நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார். செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டினால் கால் பங்கு கல் மிச்சமாம், வெயிலும் உள்ளே வராதாம். முப்பது வருடமாகக் கரண்டி பிடிக்கிறவன் கேட்கிறேன்: அந்தப் பொந்துச் சுவரில் ஆணி எங்கே அடிப்பது?

கட்டடக்கலை மாணவன்: அந்தத் தம்பி நான்தானுங்க அண்ணா. சுவர் 9 அங்குலம். வெளியே 3, உள்ளே 3, நடுவில் 3 அங்குலம் காற்று. ஆணி இறங்குவது 3 அங்குலச் செங்கல்லில். செலவு குறைந்த வீடுகளுக்குப் பேர் போன கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளாவில் இப்படித்தான் கட்டினார்.

பல்லடம் கொத்தனார்: கேரளா வேறு, பல்லடம் வேறு. பக்கத்து அறையில் தறி தடதடவென்று ஓடும்போது சாமி படம் மாட்டிய ஆணி நிற்குமா? அதைச் சொல்லுங்கள்.

சோமனூர் அக்கா: ஆணியை விடுங்க. வெயில் இறங்குவது தளத்தின் வழியாக. சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. மாசியிலேயே இரண்டு கை சுண்ணாம்பு அடித்த பிறகுதான் பிள்ளைகள் தூங்கின. தளத்துக்குள் பழைய ஓடு வைத்துக் கான்கிரீட் போடுவதாகச் சொல்கிறார்களே, அதைப் பேசுங்க.

பல்லடம் கொத்தனார்: ஓடு அப்புறம். ஆணிக்குப் பதில் வரவில்லை.

உடுமலைக்காரன்: ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கே இருந்து அடிக்கிறது. காற்றாலையே ஓடுகிறது. இவர்கள் படத்தில் மேற்கே கக்கூஸ்! எந்த ஊரைப் பார்த்து வரைந்தார்கள்?

கட்டடக்கலை மாணவன்: மாலை வெயில் படுக்கை அறைச் சுவரில் விழக்கூடாது என்றுதான் அங்கே வைத்தோம். காற்றுக்குத் தென்மேற்கு மூலையில் ஜன்னல் இருக்கிறது. படத்தைப் பார்க்காமலே பேசுகிறீர்கள். கொத்தனார் அண்ணா போன வருடம் செங்கல்லுக்குப் பதிலாக வரும் சாம்பல் கல்லையும் இப்படித்தான் எதிர்த்தார். அவர் மச்சான் செங்கல் சூளை வைத்திருக்கிறார்.

பல்லடம் கொத்தனார்: மச்சானை எதற்கு இழுக்கிறாய்? கல்லைக் குறைத்தால் அவனுக்கு நட்டம், எனக்கென்ன? கலவை பொந்துக்குள் விழாமல் நிமிர்த்திக் கட்ட எத்தனை பேருக்குக் கை வரும்? விரிசல் விட்டால் வீட்டுக்காரம்மா திட்டுவது என்னை. நீ பட்டம் வாங்கிப் போய்விடுவாய்.

சோமனூர் அக்கா: அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கட்ட வருவது 3.5 லட்சம் ரூபாய். கால் பங்கு கல் மிச்சமானால் ஒரு திண்ணை வருமே அண்ணா?

பல்லடம் கொத்தனார்: திண்ணையில் ஆணி அடிக்க முடியுமா அம்மிணி?

உடுமலைக்காரன்: தென்மேற்கு மூலை என்றால் கன்னி மூலை. அங்கே ஜன்னலா? வாஸ்து தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.