பாற்கடல்ல போன கப்பல்: ஒரு குயீன் பாட்டைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட கதைகள்

பெரம்பூர் கேசட்:

இங்கிலாந்து ராக் இசைக்குழு குயீனோட 'தேர்ட்டி நைன்' பாட்டு. 1975ல வந்த 'எ நைட் அட் தி ஓபரா' ஆல்பத்துல அஞ்சாவது. எங்க தெருவுல நாலஞ்சு பேர் வருஷக்கணக்கா கேட்டோம், ஒருத்தருக்கும் அர்த்தம் சரியாப் புரியல. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

பக்கத்து வீட்டு அங்கிள் ஆங்கிலோ இந்தியர், ரயில்வே லோகோ ஒர்க்ஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஞாயித்துக்கிழமை மஞ்ச சோறு, பால் கறி (பந்து மாதிரி கொத்துக்கறி உருண்டை போட்ட குழம்பு) வாசனை வந்தா பின்னாடியே டேப் ரெக்கார்டர் சத்தமும் வரும். அந்தக் கேசட் அவர் பையன் ஆஸ்திரேலியா போறப்போ விட்டுட்டுப் போனது. நாடா அடிக்கடி வெளிய வந்துடும். பென்சிலைச் சொருகி சுத்திக் குடுக்குறது என் வேலை, கூலி ரெண்டு உருண்டை.

"இது வார் சாங் மேன். 39ல வாலன்டியர்ஸ் கப்பல் ஏறிப் போறாங்க. பாடுறது ஃப்ரெடி, நம்ம பஞ்சகனியில படிச்ச பையன்" என்பார். 1914ல எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான். போர், கப்பல்னா நம்பாம என்ன செய்வேன்? நடுவுல 'ஸ்கோர்'னு ஒரு வார்த்தை வரும். ஏதோ மேட்ச் ஆடுறாங்கன்னு நினைச்சேன். பழைய இங்கிலீஷ்ல அதுக்கு இருபதுன்னு அர்த்தமாம். கப்பல்ல போனது இருபது பேர். என் ஃப்ரெண்டு அதுக்கும் மேல. "29சி பஸ் தெரியும், அது இன்னாடா 39? எங்கேந்து எங்க போவுது?"

காலேஜ் முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது, அது விண்வெளிக் கப்பல். எழுதினது, ரெக்கார்டுல பாடினது ரெண்டுமே கிட்டார் வாசிக்கிற பிரையன் மே. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல வானியற்பியல் ஆராய்ச்சியைப் பாதியில விட்டு பாட்டுக்கு வந்தவர். சூரியக் குடும்பத்துல மிதக்குற தூசியைப் பத்தின அந்த ஆய்வை முடிச்சு 2007ல டாக்டர் பட்டமும் வாங்கிட்டார். கதை இதுதான். புது உலகம் தேடிப் போனவங்களுக்கு ஒரு வருஷம் ஆகுது, பூமியில நூறு வருஷம் ஓடிடுது. ஒளி வேகத்துக்குப் பக்கத்துல போனா நேரம் மெதுவா ஓடும்னு ஐன்ஸ்டீன் 1905ல சொன்ன கணக்கு. ஆனா தாளம் என்னமோ திருவிழா ஆட்டம் மாதிரி இருக்கும். எவனுக்கு சந்தேகம் வரும்?

தண்டையார்பேட்டை தம்பி:

இதுல 'மில்கி சீஸ்'னு வருமே, பால்வீதியை வெச்சுச் சொன்னது. பாட்டிக்கு அப்படியே தமிழ்ல சொன்னேன், "பால் கடல்ல கப்பல் போவுதாம்." கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. "பாற்கடலா? பெருமாள் பாட்டாடா?"

இல்ல பாட்டி, போனவன் திரும்பி வந்தா நூறு வருஷம் ஓடிடுச்சுன்னேன். அசரவே இல்ல. "ரேவதி கதைதானே" அப்படின்னாங்க. ககுத்மி ராஜா பொண்ணுக்கு மாப்பிள்ளை கேட்க பிரம்மலோகம் போறார். அங்க கச்சேரி நடக்குது, முடியட்டும்னு நிக்கிறார். அதுக்குள்ள கீழ 27 சதுர்யுகம் போயிடுச்சு. மனசுல வெச்சிருந்த மாப்பிள்ளைங்க ஒருத்தரும் இல்ல. அப்புறம்தான் பலராமருக்குக் கட்டி வைக்கிறார். ஒரு கச்சேரி கேட்டதுக்கு இவ்வளவு. நூறு வருஷமெல்லாம் பாட்டிக்கு சில்லறை.

காசிமேடு வலை:

மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் படகு கரையிலதான். வலை பின்னிக்கிட்டே ஃபோன்ல போட்டேன். என் மாமா பத்து பதினஞ்சு நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் போறவரு. ஒரு வருஷம் கழிச்சுதான் திரும்பி வராங்கன்னு சொன்னதும் கையில ஊசி நின்னுச்சு. "ஒரு வருசம் தங்கலா? ஐஸ் தாங்காதேடா."

விண்வெளின்னு சொல்ல மனசு வரல.

தண்டையார்பேட்டை தம்பி:

கேசட் அண்ணே, அங்கிள்கிட்ட உண்மையைச் சொன்னீங்களா இல்லியா?

பெரம்பூர் கேசட்:

சொன்னேன். ஆன்ட்டி தவறி ரெண்டு வருஷம் ஆயிருந்தது. பையன் அடக்கத்துக்கு வந்து சேர முடியல. அப்புறம் பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டுப் போயிருந்தான்.

ரயில்காரர் இல்லையா, முதல் கேள்வியே "ஸ்பீடு எவ்ளோ மேன்?"

ஒரு வருஷம் நூறா நீளணும்னா ஒளியோட வேகத்துல 99.995 சதவீதம் போகணும். நொடிக்கு 15 கிலோமீட்டர்தான் கம்மின்னேன்.

"அவ்ளோ ஸ்பீடா போய் நூறு வருஷம் லேட்டா? அது எக்ஸ்பிரஸ் இல்ல மேன், பாசஞ்சர்." அவரே சிரிச்சுக்கிட்டார்.

கடைசிச் சரணத்தையும் சொன்னேன். திரும்பி வந்தவன் முன்னாடி அவன் ரத்தத்துல வந்தவ நிக்கிறா, அவ கண்ணுல அம்மாவோட கண்ணு தெரியுது. அங்கிள் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பேத்தி அந்தத் திண்ணையிலதான் உக்காந்து பால் கறி சாப்பிட்டா. பார்க்க அப்படியே ஆன்ட்டி.

"சரி, ரீவைண்ட் பண்ணு" என்றார். நாடா சிக்கிடுச்சு. பென்சில் எடுக்க உள்ள போனேன்.

அடுத்த ஞாயிறு சிலிண்டர் போட வந்த பையன்கிட்ட அவர் சொல்லிக்கிட்டிருந்தது என் காதுல விழுந்தது: "வார் சாங் மேன்."