நம் கருத்து நம் கருத்துதான், ஆனாலும் ஒரு சம்பவம் மனசில் நிற்கிறதா? சென்னைக்காரர்கள் பகிருங்கள்

தெற்கு மாடவீதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழைய ஆள். கோயில் நிர்வாகம் பக்தர்கள் கையில் இருக்க வேண்டும், ஓட்டுக்குக் காசு வாங்குவது பாவம், வெளிநாட்டு விவகாரத்தில் நாடு யாருக்கும் தலை குனியக் கூடாது என்று நினைக்கிறவன். இதில் எதையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் 2024 ஏப்ரலில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது.

அப்பாவுக்கு அப்போது 87. 85 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்றார்களே, அதற்கான 12டி படிவத்தை நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். அப்பா ராஜாஜி பக்தர். ஓட்டுப் போட அப்போது 21 வயசு ஆக வேண்டும். 1957இல் ஒன்று குறைந்ததால் 1962இல்தான் முதல் ஓட்டு, ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்துக்கு. 1967இல் ராஜாஜி தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தாரே, அப்போது மூன்று வேளையும் சந்தியாவந்தனம் பண்ணுகிற இந்த மனிதர் தென்சென்னையில் நின்ற அண்ணாதுரைக்காக உதயசூரியனில் குத்தினார். "ராஜாஜி சொன்னார், குத்தினேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

நான் ஒரு மாதமாக அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். யாருக்குப் போட வேண்டும், யாருக்குப் போட்டால் கோயிலுக்கு ஆபத்து, எல்லாம். அவருக்கு ஒரு கண் சுத்தமாக மங்கிவிட்டது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பதால், நானே பக்கத்தில் உட்கார்ந்து டிக் அடித்துக் கொடுப்பதாக மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

தேர்தல் குழு வந்தது. இரண்டு அலுவலர்கள், வீடியோ எடுக்க ஒரு பையன், ஒரு போலீஸ்காரர். அப்பா இஸ்திரி போட்ட வேட்டி கட்டி, விபூதி இட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேஜைமேல் அட்டைத் தடுப்பை விரித்து வைத்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நீ வெளில போ" என்றார் அப்பா.

அலுவலரிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "கண்ணு தெரியாதேப்பா" என்றேன். பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடியை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். அவ்வளவுதான். மாடிப்படியில் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றேன். உள்ளே வந்தபோது உறையின் விளிம்பைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி அவரே ஒட்டிக்கொண்டிருந்தார்.

யாருக்குப் போட்டார் என்று இன்று வரை சொல்லவில்லை. அது கூடப் பரவாயில்லை. அவர் கருத்தைத்தான் நான் பேசுகிறேன் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். என்னை வெளியே அனுப்புகிற அளவுக்கு எப்போது அவருக்கு அந்நியன் ஆனேன் என்று தெரியவில்லை.

வாத்தியாரம்மா

தேர்தல் பணிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். என் சம்பவம் 2021 ஏப்ரல் 6, திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளிக்கூடம். நான்தான் அந்தச் சாவடியின் தலைமை அலுவலர். கொரோனா காலம், வருகிற ஒவ்வொருவருக்கும் கையில் பாலித்தீன் உறை கொடுத்தோமே, ஞாபகம் இருக்கும்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: வாக்காளர் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும். செத்தவர் பெயரும் வீடு மாறிப் போனவர் பெயரும் அதில் கிடப்பது எனக்குப் பிடிக்காது. கள்ள ஓட்டு போடுகிறவனைப் பிடித்தால் விடக் கூடாது.

மதியம் பர்தா போட்ட ஒரு வயதான அம்மா வந்தார். எங்கள் பெண் அலுவலர் ஓரமாக அழைத்துப்போய் முகத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டார். சரி என்று சொல்லியும், ஒரு கட்சியின் முகவர், மீசை சரியாக முளைக்காத பையன், எழுந்து "இவங்க அவங்க இல்ல" என்றான். ஆட்சேபிக்க அவனுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். கட்டினான். ஒரே நாணயம். மேஜைமேல் வைத்தபோது உருண்டு ஓடி மை பாட்டிலில் முட்டி நின்றது.

நான் விசாரிக்க வேண்டும், அதுதான் விதி. வீட்டுக்காரர் பெயர் கேட்டேன், கதவு எண் கேட்டேன், வீட்டில் வேறு யாருக்கெல்லாம் ஓட்டு இருக்கிறது என்று கேட்டேன். மூத்த மகன் பெயரைச் சொல்லும்போது "அவன் மௌத்தாயிட்டான், அந்தப் பேர எடுத்துடுங்கம்மா" என்றார். எல்லாம் பொருந்தியது. ஆட்சேபம் தள்ளுபடி. அந்த அம்மா நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுக்கு ரெண்டாயிரம் தர்றேன்னு வாசல்ல வந்து நின்னானுங்க, வேணாம்னு கதவ சாத்துனேன். நான் நானில்லன்னு சொல்றதுக்கு ரெண்டு ரூவா போதுமாம்மா?"

என்ன பதில் சொல்வது? மை வைத்து அனுப்பினேன். யாருக்குப் போட்டோம் என்று காட்டுகிற ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குள் ஏழு வினாடி தெரியும், பெரும்பாலானவர்கள் பார்க்காமலே நகர்ந்துவிடுவார்கள். அவர் அந்தச் சீட்டு உள்ளே விழுகிற வரை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே போனார். சாயங்காலம் ஆட்சேபித்த வாக்குகளின் பட்டியலில் அவர் பெயரை என் கையால் எழுதினேன். அரசுக்குப் போய்ச் சேர வேண்டிய அந்த நாணயத்தை உறையில் போட்டு ஒப்படைத்தேன். விதிப்படிதான் எல்லாம் செய்தேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

மாடவீதி சார், உங்கள் அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் சாவடிக்கு அவர் வந்திருந்தாலும் உங்களை வெளியேதான் நிற்க வைத்திருப்பேன்.

அடையாறு வாசி

மாடவீதிக்காரரே, அப்பா செய்தது நூற்றுக்கு நூறு சரி, நீங்கள் செய்யப் போனதுதான் தப்பு. துணை ஆள் என்பது வாக்காளர் கேட்டால்தான். கேட்காதபோது நாற்காலியை இழுத்துப் போடுவது மகனே ஆனாலும் தப்புதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் கதை சின்னது. 2019 தேர்தல் அன்று பட்டியலில் என் பெயர் இல்லை. மனைவி பெயர் இருந்தது. அவள் போட்டுவிட்டு வருகிற வரை வேப்பமரத்தடியில் நின்றேன். சேஷன் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் கிடைத்த புகைப்பட வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது.

இங்கே நிறையப் பேர் புரியாமல் இருப்பதால் சொல்கிறேன். அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எதையாவது காட்டிப் போடலாம். அட்டை இருந்து பெயர் இல்லையென்றால் எந்தக் கடவுளும் உதவ முடியாது. புதிதாகச் சேர 6ஆம் எண் படிவம். ஒருவர் பெயரை நீக்கச் சொல்ல 7ஆம் எண். வீடு மாறினால், எழுத்துப் பிழை இருந்தால் 8ஆம் எண். அந்த அம்மா மகன் பெயரை எடுக்கச் சொன்னாரே, சாவடியில் சொல்லி நடக்காது, அதற்கும் 7ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பெயரில் வேறு எவனோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால் அழுதுகொண்டு திரும்பி வராதீர்கள். தலைமை அலுவலரிடம் 49P விதிப்படி வாக்குச் சீட்டு கேளுங்கள். இயந்திரத்தில் விடமாட்டார்கள், காகிதச் சீட்டு கொடுத்து உறையில் தனியாக வைப்பார்கள். சாதாரணமாக அதை எண்ண மாட்டார்கள், ஆனால் வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீடு வீடாகப் படிவம் கொடுத்து, 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று தேடச் சொன்னார்களே, அப்போது எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் காவலாளியிடம் படிவத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். நான்தான் கதவு கதவாகத் தட்டி வாங்கிக் கொடுத்தேன். பழமைவாதி, முற்போக்கு எதுவானாலும் பேர் இருந்தால்தான் பேச்சு. தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

வியாசர்பாடி பேரன்

தேர்தலை விட்டு வேறு பக்கம் போகிறேன். நாங்கள் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். அங்கே ராணுவ ஆட்சி நடத்திய நே வின் 1964இல் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கி, மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றதும் தாத்தா ரங்கூனில் கப்பல் ஏறினார். நமக்கு நம் நாடுதான், வேறெவனும் வர மாட்டான் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் விலகி நின்றன. சரியான முடிவு என்று வீட்டில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். ஆயுதம் அவனிடம் வாங்குகிறோம், எண்ணெய் வேண்டும், அங்கே படிக்கிற நம் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும், எவன் சண்டைக்கோ நாம் ஏன் வரிந்துகட்ட வேண்டும் என்றெல்லாம்.

பாட்டி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நிலையத்தில் ஒரு பெண், கையில் குழந்தை, தோளில் பை. கூட்டம் தள்ளுகிறது. பாட்டி என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளைய காதுல கெடக்குறத கழட்டச் சொன்னானுங்களாடா?"

நான் பேசிக்கொண்டிருந்தது அப்படியே நின்றுவிட்டது. ரங்கூன் துறைமுகத்தில் சுங்கக்காரன் பாட்டியின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "தெரியல பாட்டி" என்றேன்.

இந்தியா விலகி நின்றது சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த காரணம் எதுவும் பதில் இல்லை.

ராணுவ வீட்டுப் பிள்ளை

வியாசர்பாடி தம்பிக்கு: சரி என்று நினைப்பதை இவ்வளவு தயங்கித் தயங்கிச் சொல்லாதே. தெருவில் ஓடுகிற உணர்ச்சியை வைத்து வெளியுறவு நடத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த வீடு எங்களுடையது. மாமா 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். இங்கே மாலை போட்டு அனுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று அவர் சொன்ன காரணமும் ஊருக்குத் தெரியும். அங்கே நம் தமிழ் மக்கள் பட்டதும் தெரியும். மறுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது டீக்கடை. மாமாவை அழைத்து வரப் போனபோது எனக்கு 14 வயசு. பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. மாமா சீருடையில். கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு "நம்மாளுங்கள எத்தன பேர சுட்டீங்க?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. ஒரு வாய் குடித்த கிளாஸைக் கீழே வைத்தார், காசு கொடுத்தார், நடந்தார். அதற்கப்புறம் அவர் வெளியில் எங்கும் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

பெசன்ட் நகர்காரி

கோயில் பற்றி ஒன்று. கொடிமரத்தைத் தாண்டி மற்ற மதத்தவர் வரக் கூடாது என்ற விதி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2024 ஜனவரியில் பழனி வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதையே சொன்னபோது சந்தோஷப்பட்டேன். மியூசியம் இல்லையே, கோயில்.

அதே வருஷம் அலுவலகத் தோழி ஒருத்தி, சாந்தோம் பக்கம், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், கபாலி கோயிலைப் பார்க்க வேண்டும் என்றாள். கிழக்குக் கோபுரம் வழியாக நுழைந்து, பிராகாரம் சுற்றி, மேற்கே கொடிமரத்தடிக்கு வந்தோம். அவளுக்கு நெற்றியில் பொட்டு, தலையில் பூ. யாரும் கேட்கப் போவதில்லை. எனக்குச் சங்கடம். "வா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று நானே கையைப் பிடித்து இழுத்தேன். நான்!

அவள் நகரவில்லை. "போர்டு போட்டிருக்காங்கல்லடி. நீ போய்ட்டு வா, எங்கம்மா ஆபரேஷனுக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்றாள். திரும்பி வந்தபோது மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று ஒரு கன்றுக்குட்டிக்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தாள். விபூதியை அவளிடம் நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே மூடி வைத்துக்கொண்டேன். ஆட்டோவில் போகும்போது வியர்வையில் கசங்கிப்போனது.

விதி சரி என்று இத்தனை பேசின நான்தான் அன்றைக்கு அதை மீறச் சொன்னேன். அவள் மீறவில்லை.

தெற்கு மாடவீதி

எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அடையாறுக்காரர் என்னைத் திட்டியதையும் விடாமல் படித்தேன், தலையாட்டினார். இரண்டு ரூபாய்க் கதையை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். கடைசியில் ஒன்று கேட்டார், அதற்காகத்தான் எழுதுகிறேன். வியாசர்பாடி தம்பி, உங்கள் பாட்டிக்கு மறுபடி தோடு கிடைத்ததா என்று கேட்கிறார்.

வியாசர்பாடி பேரன்

கிடைத்தது சார். இங்கே வந்ததும் காது தூர்ந்துபோய்விடக் கூடாது என்று வேப்பங்குச்சி போட்டுக்கொண்டார். அவ்வப்போது புதுக் குச்சி மாற்றுவாராம். பீச் ஸ்டேஷன் பக்கம் தாத்தா பிளாட்பாரக் கடை போட்டு நாலு காசு பார்க்கிற வரை ஆறேழு வருஷம் குச்சிதான். அப்புறம் வாங்கியது சின்னத் தோடு, ஒற்றைக் கல். 2023இல் அவர் போனபோது காதில் அதுதான் இருந்தது. இப்போது என் மகள் போட்டிருக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.