முதல் முறை நடப்பவர்களுக்கு எந்த வழி: செங்குத்துச் சரிவா, கரையோரமா?

மேகவழி:
அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைப்பக்கம் நடந்தே பழக்கமில்லாத ஐந்து பேரை நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் வியூ பாயிண்டுக்குக் கூட்டிப்போகிறேன். ஒருத்தி என் அக்கா மகள், 13 வயது. இன்னொருவர் ஐம்பதைத் தாண்டிய நண்பர், முழங்கால் வலி உண்டு. இரண்டு வழிகள் இருக்கின்றன. அணைக்கரையில் தொடங்கினால் ஒரு பக்கம் 3 கி.மீ. தான், ஆனால் 300 மீட்டர் ஏற்றமும் கடைசி ஒன்றேகால் கிலோமீட்டரில் வந்துவிடும். எதிர்முனையில் தொடங்கிக் கரையோரமாகச் சுற்றினால் ஒரு பக்கம் 8 கி.மீ. ஏற்றம் அதே 300 மீட்டர், ஆனால் கடைசி 5 கிலோமீட்டரில் மெதுவாக ஏறும். எதில் போகலாம்?

பாறைமுகடு:
அணைக்கரை வழி. யோசிக்கவே வேண்டாம். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். செங்குத்தான இறக்கத்துக்குப் பத்து நிமிடம் சேர்த்தாலும் குறுகிய வழி போய்வர 1 மணி 52 நிமிடம், நீண்ட வழி 3 மணி 42 நிமிடம். இது பழகியவர்களின் கணக்கு, நிற்கிற நேரம் சேராது. புதியவர்களுக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள். ஒன்று மூன்று மணி நேரத்துக்குள் முடியும், மற்றது ஐந்தரை மணி நேரத்தைத் தொடும். 16 கி.மீ. நடந்த பிறகு கால் கொப்புளத்தோடு திரும்பும் குழந்தை அடுத்த முறை வரவே வராது.

கரைநடை:
கணக்கு கடிகாரத்துக்குச் சரி, முட்டிக்குச் சரியில்லை. ஒன்றேகால் கிலோமீட்டரில் 300 மீட்டர் என்றால் நூறடிக்கு 24 அடி சரிவு. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்று நின்று ஏறிவிடலாம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். பழகாத காலுக்கு அந்த வேலைதான் அடுத்த இரண்டு நாள் வலியைக் கொடுக்கிறது. முழங்கால் வலி உள்ளவரை அந்தச் சரிவில் இறக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொடிக்கல் கிடந்தால் இன்னும் மோசம்.

பாறைமுகடு:
ஊன்றுகோல் இரண்டு, சின்னச் சின்ன அடி, வளைந்து வளைந்து இறங்குவது. 300 மீட்டர் இறக்கத்தை இப்படிச் சமாளிக்கலாம். நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கரை வழியில் ஏழாவது கிலோமீட்டரில் யாருக்காவது கணுக்கால் பிசகினால் என்ன செய்வீர்கள்? குறுகிய வழியில் எந்த இடத்தில் நின்றாலும் வண்டி 3 கிலோமீட்டருக்குள் இருக்கும். புதியவர்களுக்கு எளிய வழி என்றால் என்னைப் பொறுத்தவரை சுலபமாகத் திரும்பிவர முடிகிற வழி.

சேற்றுத்தடம்:
கரை வழி பற்றி ஒரு எச்சரிக்கை. நீர்த்தேக்கத்தின் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. வரைபடத்தில் இருக்கும் பாதைக்கோடு ஏதோ ஒரு நீர்மட்டத்தில் வரைந்தது. தேக்கம் நிரம்பினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும், வற்றினால் வண்டல் வெளியே வரும். அந்த வண்டல் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், பார்த்தால் கெட்டித்தரை மாதிரி தெரியும். மூன்று வருடம் முன்பு அப்படி ஒரு இடத்தில் குறுக்கே போகப் பார்த்து முழங்கால்வரை புதைந்தேன். ஒரு ஷூ உள்ளேயே போய்விட்டது, கூட வந்தவர் இழுத்துத்தான் வெளியே வந்தேன். தண்ணீர் உயரும் கோட்டுக்கு மேலே, மரங்கள் தொடங்கும் இடத்தோடு போகிற பாதை இருந்தால் மட்டும் கரை வழியை நினையுங்கள். அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் இளைப்பாற உட்காரவும் வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும்போதும் மதகு திறக்கலாம்.

மேகவழி:
நன்றி, இது எனக்குத் தோன்றவே இல்லை. சமவுயரக் கோடுகளைப் பார்த்துவிட்டேன், பாதை கரைக்கு மேலேதான் போகிறது, இரண்டு ஓடைகளின் வாயைத் தவிர. வியூ பாயிண்ட் மேற்கே பார்த்து இருக்கிறது.

கரைநடை:
மேற்கே பார்த்தது என்றால் காலையிலேயே மேலே இருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருந்து எதிர்க்கரை முழுக்கத் தெளியும், பிற்பகலில் தண்ணீரெல்லாம் கண்கூசும்.

சேறு பற்றி சேற்றுத்தடம் சொன்னதை ஏற்கிறேன். இறக்கம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் ஏன் போன வழியிலேயே திரும்ப வேண்டும்? செங்குத்தில் ஏறி, கரைப்பக்கம் மெதுவாக இறங்குங்கள். மொத்தம் 11 கி.மீ., ஒன்றரை மடங்கு வைத்தாலும் நான்கு மணி நேரம்தான். முட்டிக்கு வேலை குறையும்.

பாறைமுகடு:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு எதிர்முனையில் இன்னொரு வண்டி வேண்டும். வண்டி அங்கே நிற்கிறது என்பதற்காகவே, களைத்துப்போனவர்களையும் 8 கி.மீ. நடக்கவைப்பீர்கள். நான் பார்த்த பல குழுக்களில் வண்டி நிற்கும் இடம்தான் முடிவெடுத்தது. இரண்டு முனையிலும் வண்டி இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அப்போது மேலே போய் ஆட்களின் முகத்தைப் பார்த்து எந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவு செய்யலாம்.

அதோடு, திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மணி 11 என்றால் 11, மேலே இன்னும் இருநூறு மீட்டர்தான் இருந்தாலும் திரும்ப வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் முகட்டில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

சேற்றுத்தடம்:
வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் பேட்டரி தீர்கிறது, ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். ஆளுக்கொரு விசில் கொடுங்கள். ஆபத்து என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி. உங்கள் அக்கா மகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

மேகவழி:
சரி, இப்படி நினைக்கிறேன். அணைக்கரை வழியில் ஏறுகிறோம், 11 மணிக்குத் திரும்புகிறோம். சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் இடத்திலும் தண்ணீர் நன்றாகத் தெரியும். நண்பருக்கு முடியாது என்றால் நான் அங்கேயே அவரோடு இருந்துவிடுகிறேன், என் தம்பி மற்றவர்களைக் கூட்டிப்போவான். அவனுக்குப் பாதை தெரியும்.

கரைநடை:
அவரிடம் இப்போதே தனியாகக் கேளுங்கள். அன்றைக்கு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால், நம்மால் தாமதமாகிறதே என்று எண்ணி "முடியும்" என்றுதான் சொல்வார். வலி ஏறும்போதா, இறங்கும்போதா என்றும் கேளுங்கள்.

மேகவழி:
இன்று மாலை பேசினேன். மாடிப்படி ஏறும்போது ஒன்றுமே தெரியாதாம், இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் முடியாதாம். இத்தனை வருடப் பழக்கத்தில் இதை நான் கவனித்ததே இல்லை. எதிர்முனைக்கு இன்னொரு வண்டி ஏற்பாடு செய்கிறேன். அதற்குமுன் வரும் ஞாயிறு நானும் தம்பியும் போய் அந்த இரண்டு ஓடை வாய்களையும் பார்த்துவிட்டு வருகிறோம்.

பாறைமுகடு:
அணைக்கரை வண்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.