பழைய பங்களாவை முதியோர் இல்லமாக்குகிறோம்: ரேம்ப் முதலிலா, கட்டில் முதலிலா?

வட்டவளை வாசி:
எங்கள் தோட்டத்தில் படித்து வெளியே போனவர்கள் சேர்ந்து ஹட்டன் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, லயத்தில் தனியாகக் கிடக்கிற வயசாளிகளுக்காக. பாதிப் பேருக்கு எழுந்து நடக்கவே ஆள் துணை வேண்டும். தகரக் கூரை, ஐந்து காம்பரா, பதினான்கு பேருக்கு இடம். கையில் இருப்பது 18 லட்சம்.

கமிட்டி ரெண்டாக நிற்கிறது. வாசலில் வீல்செயார் ஏற ரேம்ப் என்கிற சாய்வுப் பாதை, அகலமான கதவு, ரெண்டு பாத்ரூமைத் திருத்துவது, இதெல்லாம் முதலில் என்கிறது ஒரு பக்கம். பக்கவாட்டில் ஒரு காம்பரா இறக்கி இன்னும் ஆறு கட்டில் போடலாம் என்கிறது மற்றப் பக்கம். ஐந்து பேருக்கு மேல் தங்கவைத்துப் பராமரித்தால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அந்த வேலை தனியாக நடக்கிறது. காசை எதில் போடுவது என்பதுதான் என் கேள்வி.

பெரியவர்71:
தம்பி, கட்டிலைப் போடுங்கள். நான் ஒன்பது வருஷம் ஒரு சின்ன இல்லத்தை நடத்தியவன். விடியற்காலையில் ஒரு கிழவியைக் கம்பளியோடு தூக்கிவந்து வாசல் வாங்கில் உட்கார வைத்துவிட்டு ஓடிப்போன மகனையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கிழவியிடம் போய், "எங்கள் கதவு இன்னும் அகலமாகவில்லை, ஆறு மாசம் கழித்து வாங்க" என்று சொல்வீர்களா?

இந்த அளவுக் கணக்கெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் 2002இல் போட்ட குறைந்தபட்சத் தரத்தில், புதிதாகக் கட்டும் இல்லத்தில் தனி ஆள் காம்பராவுக்கு 12 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 129 சதுர அடி. நான் பிறந்த லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. அதில் ஏழு பேர் படுத்தோம். அடைகாக்கிற கோழியும் உள்ளேதான். அந்த ஊர்த் தரத்தைக் கொண்டுவந்து இந்த மலையில் வைத்தால் ஒரு இல்லமும் திறக்காது.

குளிர்தேசம்:
ஐயா, நான் இங்கிலாந்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். பிறந்தது மஸ்கெலியா. நீங்கள் சொன்ன 12 மீட்டர் சரிதான், ஆனால் பாதிக் கதை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இல்லங்களுக்கு அதே தரத்தில் 10 சதுர மீட்டர் என்று தனிக் கணக்கு இருந்தது. 2010இல் அந்தப் பட்டியலே போய்விட்டது. கட்டடம் அதில் இருக்கிற ஆட்களுக்குப் பொருந்துகிறதா என்றுதான் இப்போது பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பல பேர் தங்கும் காம்பராவில் ஆளுக்கு 80 சதுர அடி. ஜப்பானில் 10.65 சதுர மீட்டர். ஊருக்கு ஊர் மாறுகிற எண்ணுக்காக நாம் சண்டை போட வேண்டாம்.

அந்தப் பழைய பட்டியலில் எனக்குப் பிடித்தது தளபாடப் பகுதி. ஆளுக்கு ஒரு கட்டில், கட்டிலோரம் ஒரு விளக்கு, உடுப்பு வைக்க இழுப்பறை, முகம் பார்க்கும் கண்ணாடி, ரெண்டு பேர் உட்கார இருக்கை, பூட்டிவைக்க ஒரு இடம். ரெண்டு பேருக்கு எதற்கு என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. பார்க்க வருகிறவர் நின்றுகொண்டே ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகாமல் இருக்கத்தான். பூட்டு எதற்கு என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. என் அப்பாயி கடைசிவரை ட்ரங்குப் பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துதான் வைத்திருந்தார். அவர் போனபிறகு திறந்து பார்த்தால் அடையாள அட்டை, ஈபிஎஃப் கடிதம், தாத்தாவின் ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

சிமெந்துப்பை:
நான் கட்டட வேலை பார்க்கிற ஆள். வட்டவளை வாசி, வாசலில் எத்தனை படி? படிக்கு முன்னால் எவ்வளவு இடம்? அது தெரியாமல் ரேம்ப் பற்றிப் பேசி என்ன பிரயோசனம்.

வட்டவளை வாசி:
ஐந்து படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். கடைசிப் படியிலிருந்து முற்றத்துக் கட்டு வரை 17 அடி. அதற்கப்புறம் தேயிலைமலை, நேரே கீழே.

சிமெந்துப்பை:
அப்படியென்றால் உயரம் 30 அங்குலம். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி ஓட வேண்டும், அதுதான் வழக்கமான சாய்வு. ஆக 30 அடி. 17 அடிக்குள் நேராகப் போகாது. நடுவில் ஐந்துக்கு ஐந்து அடி தட்டையாக விட்டுத் திருப்பி எடுக்க வேண்டும், ரெண்டு பக்கமும் கைப்பிடியோடு. "இடம் காணாது பாஸ், கொஞ்சம் செங்குத்தாக இறக்கிவிடுங்க" என்று சொல்லி, அரைவாசி நீளத்தில் முடித்த ரேம்ப்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆடி மழையில் பாசி பிடித்தால் நாற்காலியும் உருளும், தள்ளுகிற பிள்ளையும் சேர்ந்து உருளும். அப்படிப் போடுவதைவிடப் போடாமலே விடலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. அந்த ஆறு கட்டில் காம்பராவுக்கு இடம் எங்கேயிருந்து வருகிறது? பின் மேட்டை வெட்டப்போகிறீர்களா?

வட்டவளை வாசி:
ஆமாம், ஒரு எட்டு அடி வெட்ட வேண்டும்.

சிமெந்துப்பை:
அப்படியானால் நான் ரேம்ப் கட்சியும் இல்லை, கட்டில் கட்சியும் இல்லை. முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய மதிப்பீடு எடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மண் வந்த வேகத்துக்கு, ஓடக்கூடியவர்களாலேயே ஓட முடியவில்லை. எழுந்து நிற்க ஆள் தேடுகிற ஆறு பேரைப் புதிதாக வெட்டிய மேட்டுக்குக் கீழே படுக்க வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பெரியவர்71:
மேட்டை வெட்டாதே என்பது சரி தம்பி. ஆனால் இருக்கிற காம்பராக்களிலேயே கட்டிலை நெருக்கிப் போடலாமே. மீதிக் காசைக் கதவிலும் ரேம்பிலும் கொட்டுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். குசினிப் பக்கம் தரை மட்டமாக இருக்குமே? எல்லாப் பங்களாவிலும் விறகு இறக்குவதற்கு அப்படித்தான் இருக்கும். அந்த வழியாகக் கொண்டுபோங்கள். செலவு ஒரு மூட்டை சிமெந்து.

கொழுந்துக்கூடை:
இவ்வளவு நேரம் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். குசினி வழி என்றதும் எழுத வேண்டியதாகிவிட்டது.

ஐயா, உங்கள் காலத்தில் பங்களா முன்வாசலில் நம் ஆட்கள் ஏறியதே இல்லை. எங்கள் அம்மாச்சி முப்பத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்தவர். தொரை வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோனால் குசினிக் கதவில் நின்று கொடுத்துவிட்டு வர வேண்டும். இப்போது அந்தப் பங்களாவே அவர்களுக்கு வீடு என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குசினிக் கதவால் கூட்டிப்போகச் சொல்கிறீர்கள். விறகு வருகிற வழியில்.

கதவு விஷயமும் சொல்கிறேன். அம்மாச்சி இருந்த இல்லத்தில் பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கிறது. ஒரு நாள் அவர் உள்ளே விழுந்தார். விழுந்த உடம்பு கதவை அடைத்துக்கொண்டது. தள்ளினால் அவர் மேல் இடிக்கிறது. "தள்ளாதே, தள்ளாதே" என்று உள்ளேயிருந்து சத்தம். கொண்டி வெளியே தெரியாததால் பலகையை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். முக்கால் மணி நேரம், நனைந்த சிமெந்துத் தரையில், தை மாசக் குளிரில். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் நடக்கவில்லை. கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட எவ்வளவு ஆகும், சிமெந்துப்பை அண்ணே?

சிமெந்துப்பை:
நிலை நல்லதாக இருந்தால் ஒரு நாள் வேலை தங்கச்சி. மேலே ஒரு சின்னத் தாழ்ப்பாள், வெளியேயிருந்தும் திறக்கிற மாதிரி. அகலப்படுத்துவதுதான் செலவு. பழைய பங்களாக்களில் பாத்ரூம் கதவு 26 அங்குலம் இருக்கும், வீல்செயார் 25 அங்குலம் வரும். தள்ளுகிறவர் தப்புவார், உட்கார்ந்திருப்பவரின் விரல் முட்டி தோல் உரியும். 32 அங்குலம் வழி கிடைத்தால் நிம்மதி.

அப்புறம், கைப்பிடிக் கம்பி. அந்தக் காலத்துக் கல் சுவரில் கல்லுக்கு நடுவே மண்ணும் சுண்ணாம்பும்தான். அதில் நாலு ஆணி அறைந்து கம்பி மாட்டினால், விழுகிற ஆள் பிடிக்கும்போது கம்பி கையோடு வந்துவிடும். தரையிலிருந்து எழுப்பிய கம்பி போடுங்கள், இல்லாவிட்டால் சுவரின் அந்தப் பக்கம் தகடு வைத்து போல்ட் முடுக்குங்கள்.

இது வெளிநாட்டுத் தரம் மட்டும் இல்லை, பெரியவர் ஐயா. இங்கேயே 2006இல் பொதுக் கட்டடங்களுக்கு அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அதன்படி இருக்க வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பெரியவர்71:
புள்ள, அம்மாச்சி கதை படித்து ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். குசினி வழி என்று நான் எழுதியது செலவை நினைத்து. அதை வாபஸ் வாங்குகிறேன். கதவை வெளியே திறப்பதும் சரி.

ஆனால் ஒன்று கேட்கிறேன், எல்லோரும் ரேம்ப், கதவு, கம்பி என்கிறீர்கள். குளிரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? என் இல்லத்தில் பெரிய தலைவலி அதுதான். விடியற்காலையில் தகரத்தின் அடியில் பனி முத்து முத்தாகக் கோத்து, ஐந்து மணிக்குச் சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழும். கட்டிலை எங்கே தள்ளினாலும் இன்னொரு சொட்டு. ஆள் கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு எழும்பவே மாட்டார். எழும்பாவிட்டால் முதுகில் புண். ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட எனக்கு எத்தனை பெண்கள் இருந்தார்கள்? ரெண்டே ரெண்டு பேர். அளவுநாடா பிடிக்கிறவர்கள் ஒரு இரவு வந்து படுத்துப் பார்க்கட்டும்.

குளிர்தேசம்:
இதில் நான் முழுக்க உங்கள் பக்கம், ஐயா. வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அமெரிக்காவில் 1990 ஒக்டோபருக்குப் பிறகு அனுமதி பெற்ற மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் 22க்கும் 27க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். நம்ம பக்கம் மார்கழி, தை இரவில் ஹீட்டர் போட்டு அதை எட்டுவதென்றால் மின்சாரக் கட்டணத்திலேயே இல்லம் மூழ்கிவிடும். தகரத்துக்குக் கீழே சீலிங், யன்னல் இடுக்குக்குப் பட்டி, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது, இவையே பாதியைச் செய்யும். ஒன்று மட்டும் வேண்டாம்: கதவைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டி. அந்தப் புகையில்லாத நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும்.

குளிப்பதற்குச் சுடுதண்ணி எப்படியும் வேண்டும். குழாயில் 43 பாகையோடு நிறுத்துங்கள். வயசானவர்களின் தோலுக்குச் சுடுவது தாமதமாகத்தான் தெரியும்.

கொழுந்துக்கூடை:
பங்களாத் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்க்கிற பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். பார்க்க லட்சணம்தான், முகமே தெரியும். மேஸ் போட்ட கால் அதில் நிற்காது. பிளாஸ்டிக் கதிரையும் வேண்டாம். கைப்பிடியை அழுத்தி எழும்பும்போது கால் நாலும் விரிந்துகொண்டு போகும்.

வட்டவளை வாசி:
நன்றி எல்லோருக்கும். நேற்று அளவுநாடாவோடு போனோம். பாத்ரூம் கதவு 25 அங்குலம்தான், வீல்செயாரே நுழையாது. சீலிங் பலகை பாதிக்கு மேல் கரையான். முன்வாசல் ரேம்பை இஸ்தோப்பின் இடது பக்கத்தால் திருப்பி எடுக்கலாம் என்று மேசன் பாஸ் சொல்கிறார், ஒரு ரோஜாப் பாத்தி போகும். மேட்டை வெட்டுகிற காம்பரா இப்போதைக்கு இல்லை. கமிட்டியில் ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள். சீலிங், பாத்ரூம், கதவு முடிந்தால் ரேம்புக்குக் காசு கொஞ்சம் இடிக்கும்.

பெரியவர்71:
பதினான்கு பேரோடு நிறுத்துவது எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. பதினைந்தாவது ஆள் வாசலில் வந்து உட்காரும்போது அந்தப் பாட்டை நீங்கள்தான் படுவீர்கள்.

சரி, என்னிடம் இல்லத்துக் கட்டில் நாலு சும்மா கிடக்கிறது. ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த இரும்புக் கட்டில். முதலில் கால் தரையில் முட்டாமல் கிழவிகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள், அதனால் கால்களை வெட்டிவிட்டேன். தலவாக்கலையிலிருந்து லொறிக்கூலி மட்டும் நீங்கள் பாருங்கள்.

சிமெந்துப்பை:
வெட்டியபின் உயரம் எவ்வளவு ஐயா?

பெரியவர்71:
மெத்தையோடு 19 அங்குலம். நானே உட்கார்ந்து பார்த்துத்தான் வெட்டினேன்.