டெவியா, டேவிட்டா, தாவீதா? வேல்ஸின் பாதுகாவலர் பெயரை எப்படி எழுதுவது?

மொழிபெயர்ப்பு_மேசை:
மார்ச் 1 அன்று கொண்டாடப்படும் வேல்ஸின் பாதுகாவலரான புனிதரைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஒரே ஆளுக்கு டெவி, டவித், டேவிட் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. ஊர்ப்பெயர்களில் அதுவே "தெவி" ஆகிவிடுகிறது. இறந்த ஆண்டும் ஓரிடத்தில் 589, இன்னோரிடத்தில் 601. எதை வைத்துக்கொள்வது?

சொல்லாய்வு:
முதலில் பெயர். தாவீது என்ற எபிரேயப் பெயர் லத்தீன் வழியாகப் பழைய காலத்திலேயே வேல்ஷ் மொழிக்குள் வந்து தேய்ந்த வடிவம்தான் டெவி. அதே பெயர் பின்னாளில் மறுபடி வந்து சேர்ந்தபோது டவித் ஆனது. புனிதருக்கு வேல்ஷில் வழங்குவது டெவி மட்டுமே, "டெவி சான்ட்". டவித் என்பது அரசர்களும் கவிஞர்களும் வைத்துக்கொண்ட பெயர். இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்தால் வாசகர் இருவர் என்று நினைத்துவிடுவார்.

"தேவி" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தமிழில் பெண்தெய்வம் ஆகிவிடும். எகரம் குறில்தான். பைபிளின் தாவீதோடு உள்ள உறவை முதல் பத்தியில் ஒருமுறை சொல்லி, பிறகு டெவி என்றே தொடருங்கள்.

ஊர்ப்பெயரில் மாறுவதற்குக் காரணம் புணர்ச்சி விதி. நம் மொழியில் புணர்ச்சி பெரும்பாலும் இரு சொற்கள் கூடும் இடத்து ஒலிகளைப் பார்க்கும். வேல்ஷிலோ முன்சொல்லின் இலக்கணமே பின்சொல்லின் முதல் மெய்யை மெலித்துவிடும். "லன்" என்றால் கோயில் நிலம், பெண்பால் சொல். அதன்பின் மைர் (மரியாள்) வந்தால் லன்வைர், படர்ன் (இன்னொரு புனிதர்) வந்தால் லன்படர்ன் (பகரம் அங்கே 'கம்பம்' என்பதில் உள்ளதுபோல் ஒலிக்கும்), டெவி வந்தால் லன்தெவி. புனிதரின் பேராலயம் இருக்கும் ஊர் டிதெவி, அதாவது டெவியின் வீடு. அந்தத் தகரம் 'அது' என்னும்போது நாம் ஒலிக்கும் அதே தகரம்தான். இந்த ஒலி நமக்கு இயல்பாக வருகிறது. வராதது "லன்"னின் முதல் ஒலிதான். நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதவேண்டும். எழுத்தில் ல போதும்.

ஏடுநோக்கி:
ஆண்டு விஷயத்தில் 589ஐ உறுதியாக எழுதாதீர்கள். விரிவான முதல் வரலாற்றை லத்தீனில் எழுதியவர் ரிகிவார்க், அதுவும் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில். புனிதருக்கு ஐந்நூறு ஆண்டு பிந்தையவர். மார்ச் 1, செவ்வாய்க்கிழமை இறந்தார் என்பது அவர் தரும் குறிப்பு. ஜூலியன் நாட்காட்டியில் 589 மார்ச் 1 செவ்வாய்தான். ஆனால் 595இலும் 600இலும்கூடச் செவ்வாய்தான், ஆகவே கிழமையை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க முடியாது. பழைய வேல்ஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்லும் 601இல் அந்த நாள் புதன்கிழமை. "6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், மரபுப்படி 589 மார்ச் 1" என்று எழுதினால் பிழை வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேல்ஷில் "மவுர்த்" என்றால் மார்ச் மாதமும் அதுவே, செவ்வாய்க்கிழமையும் அதுவே. இரண்டும் மார்ஸ் என்ற பெயரிலிருந்து வந்தவை. நம் செவ்வாயும் அதே கோள்தான். மூலத்தில் அந்தச் சொல் இரண்டுமுறை வந்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை வெட்டிவிடாதீர்கள்.

"சின்னச் சின்னக் காரியங்களைச் செய்யுங்கள்" என்ற டெவியின் புகழ்பெற்ற வாசகத்தை முழுசாகத் தாருங்கள். அது வேல்ஷ் மொழியில் எழுதப்பட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. 1346இல் லன்தெவி ப்ரெவி என்ற ஊரில் எழுதப்பட்ட கையெழுத்து ஏட்டில் அதன் பழைய பிரதி உள்ளது. "என்னிடம் நீங்கள் கேட்டும் கண்டும் அறிந்த சின்னக் காரியங்களைச் செய்யுங்கள்" என்பதே பொருள். பின்பாதியை விட்டால் பொத்தாம்பொதுவான அறிவுரையாகிவிடும். தம் சீடர்கள் அன்றாடம் கூடவிருந்து பார்த்த நடைமுறையைத்தான் அவர் சொல்கிறார். அவருடைய மடத்தில் ரொட்டி, கீரை, தண்ணீர்தான் உணவு. உழுவதற்கு மாடு கட்டாமல் துறவிகளே ஏர் இழுத்தார்கள் என்கிறது ரிகிவார்க்கின் வரலாறு. "தண்ணீர்க்காரர் டெவி" என்ற பட்டப்பெயர் உண்டு.

சொல்லாய்வு:
மார்ச் 1 அன்று சட்டையில் குத்திக்கொள்வதை "வெங்காயத்தாள்" என்று எழுதாதீர்கள். அது லீக்ஸ், இலங்கைச் சந்தைகளில் அந்தப் பெயரிலேயே கிடைக்கிறது. மஞ்சள் டாஃபடில் பூவுக்கு வேல்ஷில் "பேதுருவின் லீக்ஸ்" என்று பொருள்படும் பெயர். கொடியிலும் கவனம் வேண்டும்: கறுப்புத் துணியில் பொன்மஞ்சள் சிலுவைதான் டெவியின் கொடி, சிவப்பு டிராகன் நாட்டுக்கொடி.

மொழிபெயர்ப்பு_மேசை:
மிக்க நன்றி. கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வரும் பெயரும் இவருடையதுதானா? அதையும் டெவி என்று மாற்றவேண்டுமா?

ஏடுநோக்கி:
1690இல் மராத்தியரிடமிருந்து அது வாங்கப்பட்டபோது சென்னையில் ஆளுநராக இருந்தவர் வேல்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எலிஹு யேல். தம் முன்னோர் நாட்டின் புனிதர் பெயரை வைத்தார் என்பதே வழக்கமாகத் தரப்படும் விளக்கம். யேலின் மகன் பெயரும் டேவிட் என்பதை அடிக்குறிப்பில் சேர்க்கலாம். பெயரை மாற்றாதீர்கள். அது ஆங்கிலக் கம்பெனி ஆங்கில வடிவத்தில் இட்ட பெயர். செயின்ட் டேவிட் கோட்டை என்றே விடுங்கள், அப்போதுதான் தேடுபவருக்குக் கிடைக்கும்.