சீரம் லாட் மாறினதும் டி செல் பெருக மாட்டேங்குது, என்ன காரணம்?

பிஎச்டி_மூணாம்வருஷம்:
ரத்தத்திலிருந்து பிரிச்ச லிம்ஃபோசைட்டை (டி செல் அடங்கின வெள்ளணு) ஆர்பிஎம்ஐ 1640 மீடியத்தில் (செல் வளர்க்கிற ஊட்டத் திரவம்) 10% எஃப்பிஎஸ் (கன்றுக் கரு சீரம்) சேர்த்து வளர்க்கிறேன். பிஎச்ஏ (டி செல்லைப் பெருகத் தூண்டுற பொருள்) போட்டா மூணாம் நாள் திராட்சைக் கொத்தா திரண்டு, செல் விடுற அமிலத்தால் மீடியம் மஞ்சளாகும். புது சீரம் பாட்டில் திறந்ததிலிருந்து ரோஸ் கலர் மாறவே இல்லை. செல் சாகலை, பெருகவும் இல்லை. கேட்டலாக் நம்பர் அதேதான், லாட் (தயாரிப்புத் தொகுதி) மட்டும் வேற. சர்டிஃபிகேட்டில் மொத்தப் புரதம், எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) எல்லாம் சரியா இருக்கு. ஆல்புமின் சேர்த்தா சரியாகுமா?

பழைய_பிப்பெட்:
அவசரப்படாதீங்க தம்பி. பிஎச்ஏ பட்டதும் டி செல் ஐஎல்-2-ங்கிற, தன்னைப் பெருக வைக்கிற புரதத்தைச் சுரக்கும் (1976-ல் அதைக் கண்டுபிடிச்சதே பிஎச்ஏ போட்ட லிம்ஃபோசைட் மீடியத்திலிருந்துதான்). அடுத்து டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி செல்லோட மேற்பரப்புக்கு வரும். சீரத்திலுள்ள டிரான்ஸ்ஃபெரின்தான் இரும்பைக் கொண்டு வந்து கொடுக்கணும். இரும்பு இல்லாம ரிபோநியூக்ளியோடைட் ரிடக்டேஸ் (டிஎன்ஏவுக்கான துண்டுகளைத் தயாரிக்கிற நொதி) வேலை செய்யாது, டிஎன்ஏ பிரதி எடுக்க முடியாது. ஆல்புமின் கொழுப்பமிலம் சுமக்கும். இது வளர்க்கிற கோஷ்டி.

தடுக்கிற கோஷ்டியும் அதே பாட்டில்லதான் இருக்கு. ரத்தம் உறையும்போது பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) கொட்டுற டிஜிஎஃப்-பீட்டாங்கிற புரதம் டி செல் பெருகுறதை அடக்கும். 'மொத்தப் புரதம்'னு ஒரே எண்ணா போட்டா இதெல்லாம் எங்கே தெரியும்?

பழைய லாட் மிச்சமிருந்தா மூணு வெல் (செல் வளர்க்கிற தட்டிலுள்ள சின்னக் குழி) போடுங்க: பழசு 10%, புதுசு 10%, ரெண்டும் ஐஞ்சஞ்சு. கலவையில் வளர்ந்தா புதுசில் ஏதோ குறை. வளரலைன்னா ஏதோ தடுக்குது.

வாட்டர்பாத்:
நாலாவதா பழசு 5% மட்டும் ஒரு வெல் வேணும். அது இல்லாம கலவையை நம்பாதீங்க, பாதி அளவு போதாமலேயே வளராம இருக்கலாம். அப்புறம், சீரத்துக்கு 56 டிகிரி சூடு காட்டுறது காம்ப்ளிமென்டை (செல்லைத் தாக்குற சீரப் புரதங்கள்) அடக்கத்தான். 30 நிமிஷத்துக்கு மேல விட்டு மறந்துட்டு டீ குடிக்கப் போனா வளர்ச்சிக் காரணியும் கெடும்.

பிஎச்டி_மூணாம்வருஷம்:
சூடு சரியாத்தான் காட்டினேன், டைமர் வச்சு. நாலு வெல்லும் போட்டாச்சு. பழசு 5% நல்லா வளருது, கலவை வளரலை.

பழைய_பிப்பெட்:
அப்போ தடுக்கிற சங்கதிதான். ஆல்புமின் காசு மிச்சம். டிஜிஎஃப்-பீட்டாவை முடக்குற ஆன்டிபாடி போட்டு ஒரு வெல் பாருங்க. அப்பவும் நின்னா குற்றவாளி வேற. கம்பெனிகிட்ட ரெண்டு மூணு லாட் சாம்பிள் கேளுங்க, தேறினதை மொத்தமா வாங்கி -20-ல் போடுங்க. மனித ஏபி சீரத்துக்கு (ஏபி ரத்த வகைக்காரங்க சீரம்) மாறினாலும் லாட் டெஸ்ட் தப்பாது, அதுவும் உறைஞ்ச ரத்தத்திலிருந்து வந்ததுன்னா பிளேட்லெட் சரக்கு அதிலயும் இருக்கும்.