மறு: அப்போப்டோசிஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலில் ஒரு கலம் (செல்) ஒழுங்கான முறையில் தானே இறந்துபோவதுதான் அப்போப்டோசிஸ். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நம் மடல்களில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: செல் தற்கொலை, திட்டமிட்ட செல் இறப்பு, கலவொடுக்கம். மூன்றும் வேண்டாம், 'கலவுதிர்வு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. செல் என்றே எழுதுகிறவர்கள் செல்லுதிர்வு என்று வைத்துக்கொள்ளட்டும், பொருள் மாறாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கலம் சுருங்குகிறது, பக்கத்துக் கலங்களோடு இருந்த பிடிப்பை விடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து (இலங்கைப் பாடநூல்களில் இழைமணி) சைட்டோகுரோம் சி என்னும் புரதம் கசிந்து வெளியே வருகிறது. அதனால் முடுக்கப்பட்ட காஸ்பேஸ் நொதிகள் கலத்தின் உட்சட்டகத்தை வெட்டிப் போடுகின்றன. உட்கருவில் டிஎன்ஏ துண்டு துண்டாகிறது. மேற்சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் புடைத்து, கடைசியில் கலமே சவ்வு மூடிய சிறு துணுக்குகளாகப் பிரிந்துவிடுகிறது. சவ்வின் உட்பக்கத்தில் இருக்க வேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரின் என்னும் கொழுப்பு வெளிப்பக்கம் வந்திருப்பதை விழுங்கு கலங்கள் அடையாளம் கண்டு, துணுக்குகள் உடைவதற்கு முன்பே அவற்றை விழுங்கிவிடுகின்றன. அதனால் பொதுவாக அழற்சி வருவதில்லை. காயம் போன்றவற்றால் கலம் சாகும் நெக்ரோசிஸ் நேர்மாறானது. அதில் கலம் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதெல்லாம் அக்கம்பக்கத்தில் கொட்டி, அழற்சியைக் கிளப்பிவிடும்.

'தற்கொலை' எனக்கு அறவே உடன்பாடில்லை. கேட்கவே கடுமையாக இருக்கிறது என்பது ஒருபுறம். கலத்துக்குள் செரிக்கும் நொதிகளைக் கொண்ட பையான லைசோசோமைத் 'தற்கொலைப் பை' என்று பள்ளியில் படித்த மாணவர், இங்கேயும் லைசோசோம்தான் வேலை செய்கிறது என்று எண்ணிவிடுவார். இங்கே முதன்மையான வேலையைச் செய்வது காஸ்பேஸ். தவிர, பல சமயம் சாகச் சொல்லும் செய்தி வெளியிலிருந்துதான் வருகிறது. வைரஸ் புகுந்த கலத்தை நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி கலம் இப்படித்தான் சாக வைக்கிறது. அதைத் தற்கொலை என்று எப்படிச் சொல்வது?

'திட்டமிட்ட செல் இறப்பு' தவறில்லை. ஆனால் அது பெரிய வகுப்பின் பெயர், அப்போப்டோசிஸ் அதில் ஒன்று மட்டுமே.

'கலவொடுக்கம்' அழகான சொல். சித்தர் அடங்கிய இடத்தை ஒடுக்கம் என்கிறோம், சைவ சித்தாந்தத்திலும் அது பழகிய சொல். ஆனால் இனப்பெருக்கக் கலங்களை உண்டாக்கும் கலப்பிரிவான மியோசிஸை இலங்கையில் ஒடுக்கற்பிரிவு என்கிறார்கள். ஒரே பாடநூலில் இரண்டும் வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். இன்னொன்று, ஒடுக்கம் சுருங்குவதை மட்டுமே சொல்கிறது. இதை விவரித்த ஜான் கெர் முதலில் வைத்த பெயரும் 'சுருங்கி நசிதல்' என்ற பொருளில்தான் இருந்தது. 1972இல் வில்லி, கர்ரி ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் அதைக் கைவிட்டு அப்போப்டோசிஸ் என்று மாற்றினார். அபெர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக் கொடுத்த சொல் அது. பூவிலிருந்து இதழ், மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும்.

நமக்கு உதிர்வு கையிலேயே இருக்கிறது. மாசி, பங்குனியில் வேம்பைப் பாருங்கள். காம்படியில் உயிருள்ள கலங்கள் ஓர் அடுக்காக அமைந்து, இடையே உள்ள பிணைப்பைக் கரைத்துவிட, இலை தானாகக் கழன்று விழுகிறது. காற்றில் ஒடிந்த கிளையிலோ இலை காய்ந்து சருகான பிறகும் பல நாள் ஒட்டிக்கொண்டே கிடக்கும். உதிர்வது உயிர் செய்யும் வேலை, ஒடிந்த கிளைக்கு அது முடியாது. அப்போப்டோசிஸும் அப்படித்தான், அதற்குக் கலத்தின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகிறது.

இலக்கணமும் கைகொடுக்கிறது. உதிர்தல் தன்வினை, உதிர்த்தல் பிறவினை. கலம் உதிர்கிறது, டி கலம் அதை உதிர்க்கிறது. உதிர்வுத் துணுக்கு, உதிர்வுத் தடைப் புரதம் என்று சொற்கள் கிளைக்கும். பிசிஎல்-2 அப்படி ஒரு தடைப் புரதம். அது மிகுந்த புற்றுக் கலங்களை 'உதிராக் கலங்கள்' என்றே சொல்லலாம். அந்தத் தடையை நீக்கும் வெனெட்டோகிளாக்ஸ் போன்ற மருந்துக்கு 'உதிர்ப்பி' பொருந்தும். 2002 நோபல் பரிசு பெற்ற ஆய்வை இப்படி எழுதிப் பாருங்கள்: 'சி. எலிகன்ஸ் புழு வளரும்போது உருவாகும் 1090 உடற்கலங்களில் 131 உதிர, 959 எஞ்சுகின்றன.' விளக்கம் தேவைப்படவில்லை, இல்லையா?

சென்ற மடலில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார்:

> தோலிலிருந்து செத்த செல்கள் உதிர்வதையும் உதிர்தல் என்றுதானே சொல்கிறோம்?

நியாயமான கேள்வி, இந்தச் சொல்லுக்கு உள்ள ஒரே இடர் இதுதான். அங்கே கலம் உடலை விட்டே போகிறது, இங்கே அண்டைக் கலத்தின் வயிற்றுக்குள் போகிறது. தோலுக்கு 'உரிதல்' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அதைத் தோலுரிவு என்று நிறுத்திக்கொண்டு, கலவுதிர்வை இதற்கு மட்டும் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். குடலின் உட்பரப்பிலிருந்து கழன்று போகும் கலங்களுக்கு உரிவு அவ்வளவாகப் பொருந்தாது. அதற்கு நல்ல சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நெக்ரோசிஸுக்கு 'நசிவு' போதும். காஸ்பேஸை அப்படியே விட்டுவிடுவோம்.